தொட்டி ஒன்று, வாய் அறுபது

(உயிரியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் ஒரு விஷயத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தத் தவறிலிருந்துதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் எங்கள் கல்லூரித் திடலின் ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். இரண்டு இரவு தேரைகள் விடாமல் கத்தும். விடிந்து போய்ப் பார்த்தால், கண்ணாடிக் குழலுக்குள் கறுப்பு மணி கோத்ததுபோல முட்டைச் சரங்கள் புல்லைச் சுற்றிக் கிடக்கும். ஒரு வாரத்துக்குள் பள்ளம் முழுக்கத் தலைப்பிரட்டைகள் கறுப்பாக மொய்க்கும். அவற்றில் கொஞ்சத்தை அள்ளிவந்து சோதனைக்கூடத்தில் வளர்ப்பது இரண்டாம் ஆண்டு மாணவர்களின் வேலை. ஒரு கண்ணாடித் தொட்டியில் பத்து விடுவோம். அதே அளவு தண்ணீருள்ள இன்னொரு தொட்டியில் அறுபது. வேகவைத்து மசித்த முளைக்கீரைதான் தீனி.

நான்கு வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பத்து இருக்கும் தொட்டியில் எல்லாமே கொழுத்துப் பின்னங்கால் விட்டிருக்கும். அறுபது இருக்கும் தொட்டியில் நாலைந்து மட்டும் பெரிதாக இருக்கும். மற்றவை விட்ட வாரத்தில் எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். "இடம் ஒன்று, தின்கிற வாய் அதிகம். தீனி போதவில்லை" என்று நான் விளக்கம் சொல்வேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி எழுதிக்கொள்ளவில்லை. "மேடம், தீனி நான்தான் போட்டேன். தலைக்கு இவ்வளவுன்னு எடை போட்டு ரெண்டு தொட்டிக்கும் ஒரே கணக்காத்தான் போட்டேன். அறுபது இருக்கற தொட்டியில தினமும் கீரை மிஞ்சித்தான் கெடந்துது. அப்புறம் எப்படிப் போதாமப் போகும்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இந்தக் கேள்வி உலகத்தின் பல மூலைகளில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது என்று. இன்று உங்களிடம் நான் பேசப்போவதெல்லாம் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பிறகு படித்தவைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தலைப்பிரட்டையின் வாழ்வில் இரண்டு கணக்குகள் ஒருங்கே ஓடுகின்றன. உடம்பு பெருப்பது ஒன்று. பருவம் கடப்பது மற்றொன்று. நாம் பேச்சில் இரண்டையும் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். தவளை ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்வதில்லை. கோஸ்னர் என்பவர் 1960-ல் வகுத்த அட்டவணையை இன்றும் எல்லோரும் கையாள்கிறார்கள். கருவுற்ற முட்டையிலிருந்து வால் முழுவதும் கரைந்த குட்டித் தவளைவரை அதில் 46 நிலைகள். 26-ஆம் நிலையில் பின்னங்கால் அரும்பு தெரியும். 42-ஆம் நிலையில் முன்னங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு தலைப்பிரட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து அதன் எடையைச் சொல்லிவிட முடியாது.

இந்த இரண்டு கணக்கும் பிரியக்கூடியவை என்பதற்கு மிக அழகான சான்று நூறாண்டுக்கும் முந்தையது. 1912-ல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார். அவை பெருப்பதை விட்டுவிட்டு அவசரமாக உருமாறி, மிக மிகச் சிறிய தவளைகளாயின. சில ஆண்டுகள் கழித்து பென்னட் ஆலன் இதைத் தலைகீழாகச் செய்தார். இளம்பருவத்திலேயே தைராய்டை அகற்றினார். அவை தலைப்பிரட்டைகளாகவே இருந்து பெருத்துக்கொண்டே போயின, தவளையாகவே இல்லை. நெரிசல் இந்த இரண்டு கணக்கிலும் கை வைக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. அது எங்கே எப்படித் தொடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சின் மையம்.

ஒரு தொட்டியில் எண்ணிக்கையைக் கூட்டும்போது நாம் ஒன்றை மட்டும் மாற்றுவதாக நினைக்கிறோம். உண்மையில் பல மாறுகின்றன. தலைக்கு வரும் தீனி குறைகிறது. தலைக்கு வரும் தண்ணீர் குறைகிறது. கழிவு கூடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று முட்டுவது கூடுகிறது. என் மாணவி தீனியை மட்டும் சமமாக்கினாள். மற்றவை அப்படியே இருந்தன. அப்படியானால் குற்றவாளி அந்த மற்றவற்றில் ஒளிந்திருக்க வேண்டும்.

1958-ல் கிறிஸ்டினா ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இதை நேராகவே சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது வட அமெரிக்காவின் சிறுத்தைத் தவளை. நெரிசலான தொட்டியில் இருந்த தண்ணீரை மட்டும் எடுத்து, நெரிசலே இல்லாத தலைப்பிரட்டைகளை அதில் விட்டார். முட்ட ஆள் இல்லை, தீனிக்குப் போட்டி இல்லை. ஆனாலும் அவை குன்றின. தண்ணீரில் ஏதோ இருந்தது. என்ன அது? அந்தத் தண்ணீரை நன்றாக வடிகட்டிவிட்டால் பாதிப்பு இல்லை. சூடாக்கி ஆறவைத்துக் கொடுத்தாலும் பாதிப்பு இல்லை. உப்போ யூரியாவோ போலக் கரைந்திருக்கும் கழிவாக இருந்தால் வடிகட்டியில் நிற்காது. நிற்கிறது என்றால் அது துகள். சூட்டில் செயலிழக்கிறது என்றால் உயிருள்ளதாக இருக்கலாம். நுண்ணோக்கியில் தேடியபோது, தலைப்பிரட்டைகளின் எச்சத்தில் நிறமற்ற உருண்டையான செல்கள் இருந்தன. பாசியைப் போன்ற செல்கள் என்று அவர் எழுதினார்.

அந்தக் கட்டுரையைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனாலும் அதில் மாணவியின் கேள்விக்கு முழுப் பதில் இல்லை. ஏதோ ஒரு நுண்ணுயிர் எச்சத்தில் இருக்கிறது, சரி. அது எப்படி வளர்ச்சியைத் தடுக்கிறது? நஞ்சைச் சுரக்கிறதா? குடலைப் புண்ணாக்குகிறதா?

இங்கே கதை இங்கிலாந்துக்குப் போகிறது. அந்த நாட்டில் நேட்டர்ஜாக் என்று ஒரு தேரை உண்டு. முதுகின் நடுவே மஞ்சள் கோடு ஓடும். கடலோர மணல்மேட்டுக் குட்டைகளிலும் புதர்க்காட்டுக் குட்டைகளிலும் வாழும். அங்கே எண்ணிக்கையில் மிகவும் அருகிப்போன இனம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் பீபி பல ஆண்டுகள் இதன் பின்னால் அலைந்தவர். நேட்டர்ஜாக் முட்டையிடும் குட்டையில் அந்நாட்டுச் சாதாரணத் தவளையும் முட்டையிட்டால் நேட்டர்ஜாக் குஞ்சுகள் வளர்வதில்லை, பெரும்பாலும் மடிந்துபோகின்றன. காரணத்தின் ஒரு பாதி எளிது. தவளை குளிர் விலகத் தொடங்கியதுமே முட்டையிட்டுவிடும். நேட்டர்ஜாக் அதற்குப் பல வாரம் கழித்துத்தான் வரும். ஆகவே சின்னஞ்சிறு தேரைக் குஞ்சுகள் கண் திறக்கும்போதே பக்கத்தில் தடித்த தவளைக் குஞ்சுகள் இருக்கின்றன.

மறு பாதிதான் வியப்பு. பீபியும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்த எச்சத்துச் செல்களை மறுபடியும் எடுத்தார்கள். ரிச்சர்ட்ஸின் பெயரைச் சேர்த்து அதற்கு புரோட்டோதீக்கா ரிச்சர்ட்சி என்று பெயர் வைத்தார்கள். 1992-ல் வந்த ஆய்வில் அவர்கள் சொன்ன விளக்கம் இது. அந்தச் செல்கள் நஞ்சைக் கக்கவில்லை. சிறிய தலைப்பிரட்டைகளின் கவனத்தைத் திருப்புகின்றன. செல்கள் நிறைந்த எச்சம் சிறியவற்றைக் கவர்ந்திழுக்கிறது. பக்கத்தில் நல்ல தீனி கிடந்தாலும் அவை அதை விட்டுவிட்டுப் பெரியவற்றின் எச்சத்தைத் தின்னப் போகின்றன. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை. வயிற்றுக்குள் போன செல்கள் மறுபடி எச்சத்தோடு வெளியே வருகின்றன. அதை இன்னொன்று தின்கிறது.

கீரை ஏன் மிஞ்சிக் கிடந்தது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடைக்குமா? தீனி போதாமல் இல்லை. தீனியின் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம். எங்கள் தொட்டித் தண்ணீரை அப்போது நான் நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. ஆகவே எங்கள் தொட்டியில் நடந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "தீனி போதவில்லை" என்ற என் பழைய விளக்கத்தை அன்றே கைவிட்டேன்.

அந்தச் செல்லைப் பற்றி இன்னும் ஒன்று. நிறமற்ற பாசி என்றுதான் நாற்பதாண்டு எல்லோரும் நம்பினார்கள். 1999-ல் அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது பாசி இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. விலங்குகளின் கிளையும் காளான்களின் கிளையும் பிரிகிற இடத்துக்கு அருகில் முளைத்த ஓர் ஒட்டுண்ணிக் குடும்பம் அது. இப்போது அனுரோஃபீக்கா என்ற புதுப் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒருவரை நன்றியோடு நினைக்க வேண்டும். ஜேம்ஸ் பெட்ரான்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஒரு கேள்வி: தலைப்பிரட்டைகளிடையே தண்ணீர் வழியாக நடக்கும் இந்தப் போட்டி, சோதனைக்கூடத் தொட்டிக்கு வெளியே நடக்கிறதா? அவரும் அவரைத் தொடர்ந்தவர்களும் இயற்கையான குளங்களுக்குப் போய், தலைப்பிரட்டைகள் நெருங்கி மொய்க்கும் இடத்திலிருந்தே தண்ணீரை எடுத்துவந்து சோதித்தார்கள். தொட்டித் தண்ணீரில் தெரிந்த தடை குளத்துத் தண்ணீரில் அரிதாகவே தெரிந்தது.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் ரிச்சர்ட்ஸ் சொன்னது பொய்யா?" என்பார்கள். அப்படி இல்லை. தொட்டியில் அது மெய்தான். சிறிய, ஆழமற்ற, தண்ணீர் மாறாத சில குட்டைகளிலும் நடக்கலாம். ஆனால் எல்லாக் குளத்துக்கும் அதையே விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவியலைக் கற்பிக்கிற நமக்கு பெட்ரான்காவின் அந்தக் கேள்வி ரிச்சர்ட்ஸின் கண்டுபிடிப்புக்குச் சமமான பாடம் என்று நினைக்கிறேன். தொட்டியில் பார்த்ததைக் குளத்தில் போய்ப் பார்க்காமல் நம்பிவிடுவது எங்கள் துறையில் இன்றும் நடக்கிறது.

சரி, குளத்தில் காரணம் தண்ணீரில் இல்லையென்றால் வேறு எங்கே? உடம்புக்குள்ளே பார்க்க வேண்டும்.

நமக்கு நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. தவளையில் அதே வேலையைச் செய்வது கார்ட்டிகோஸ்டிரோன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டென்வரின் ஆய்வுக்குழு 2002-ல் சிறுத்தைத் தவளையின் தலைப்பிரட்டைகளை நெரிசலில் வளர்த்துப் பார்த்தது. நெரிசலில் இருந்தவற்றின் உடம்பில் கார்ட்டிகோஸ்டிரோன் கூடியிருந்தது, பெருப்பதும் மெதுவாகியிருந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஆகவே அந்த ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து பார்த்தார்கள். நெரிசல் அப்படியே இருந்தும் வளர்ச்சிக் குறைவு தணிந்தது. நெரிசல் தலைப்பிரட்டையை வெளியிலிருந்து நசுக்குவதோடு நிற்கவில்லை. அதன் உடம்பே நெரிசலை உணர்ந்து, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இதே ஹார்மோன் பருவக் கணக்கில் வேறு வேலை செய்கிறது. தலைப்பிரட்டை இளசாக இருக்கும்போது கார்ட்டிகோஸ்டிரோன் கூடினால் வளர்ச்சியும் பருவமும் இரண்டுமே பின்தங்குகின்றன. வளர்ந்து, உருமாறும் வாசலில் நிற்கும்போது கூடினால் தைராய்டு ஹார்மோனின் வேலையை அது முடுக்கிவிடுகிறது, உருமாற்றம் விரைவாகிறது. ஒரே நெருக்கடி, ஒரே ஹார்மோன். சிறியதைத் தேக்குகிறது. பெரியதைக் கரைக்குத் தள்ளுகிறது. குட்டை வற்றும்போது பாலைவனத்து மண்வெட்டிக்கால் தேரைகள் முந்திக்கொண்டு உருமாறுவதற்கும் இந்த வழிதான் என்று டென்வர் காட்டியிருக்கிறார். டெக்சாஸ் பாலைவனத்தில் அந்தத் தேரைகளில் ஓர் இனம் முட்டை பொரித்து எட்டே நாளில்கூடக் கரையேறிவிடும். அவ்வளவு அவசரம் அதற்கு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அறுபது இருந்த தொட்டியில் ஏன் நாலைந்து மட்டும் பெரிதாக இருந்தன என்பதும் புரியத் தொடங்கும். என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சராசரி என்ற எண் நெரிசலை மறைத்துவிடும். "நெரிசலில் தலைப்பிரட்டைகள் சிறுக்கின்றன" என்று எழுதினால், எல்லாமே ஒன்றுபோலச் சிறுத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள். வேறு காட்சி தெரியும். முதல் வாரத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. போகப்போக ஒன்றிரண்டு முந்துகின்றன. முந்தியது அதிகம் தின்கிறது. அதிகம் தின்றது இன்னும் முந்துகிறது. பின்தங்கியது இன்னும் பின்தங்குகிறது. கடைசியில் சில பெரியவை, ஏராளமான சிறியவை என்று கூட்டம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஹென்றி வில்பரும் ஜேம்ஸ் காலின்ஸும் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பிளவைக் காட்டினார்கள். அடர்த்தி கூடக் கூட, நாள் ஆக ஆக, இது அதிகமாகிறது.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. உருமாற்றம் எப்போது தொடங்கும் என்பதற்கும் ஒரு விதியை முன்வைத்தார்கள். உருமாற ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் எவ்வளவு நாளானாலும் உருமாற முடியாது. அந்த வரம்பைக் கடந்த பிறகு, சமீப நாட்களின் வளர்ச்சி வேகத்தைப் பொறுத்து முடிவாகிறது. நன்றாகத் தின்று வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தால் தண்ணீரிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருந்து பெரிதாகிக்கொள்வது லாபம். வேகம் குறைந்துவிட்டால் கிடைத்த அளவோடு கரையேறிவிடுவது நல்லது. ஆனால் வரம்பையே தொடாதவைக்கு இந்தத் தேர்வு கிடையாது. அவை காத்திருக்கத்தான் வேண்டும்.

பிறகு வந்தவர்கள் இந்த விதியில் திருத்தங்கள் சொன்னார்கள். குறிப்பாக, ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் உருமாறும் நாள் நிலைபெற்றுவிடுகிறது. அதன்பின் தீனியைக் கூட்டினாலும் குறைத்தாலும் கரையேறும்போது உள்ள அளவுதான் மாறும், நாள் மாறாது என்று பல இனங்களில் கண்டார்கள். விதியின் நுணுக்கம் எப்படியிருந்தாலும், நெரிசல் எல்லோரையும் சமமாகப் பாதிப்பதில்லை என்ற அடிப்படை மாறவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஒடிசாவில் தாஷ், ஹோட்டா என்ற இருவர் நம் வயற்காட்டுப் பெருந்தவளையை வைத்துச் செய்த நெரிசல் ஆய்வு 1980-ல் வெளிவந்தது. அந்தத் தவளையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மழை பெய்த இரவில் வயலே அதிரக் கத்தும். ஒருகாலத்தில் அதன் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம்; 1987-ல்தான் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும், தன் இனத்தையும் தின்னும். அங்கே நெரிசல் என்றால் குன்றுவது மட்டும் இல்லை, உயிரும் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தார்வாடில் நடந்தது. கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூரும் கிரீஷும் 2003-ல் வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வெண்கலத் தவளை என்று ஒன்று இருக்கிறது. அதன் முட்டைத் திரள்களைச் சேகரித்தார்கள். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 15, 30, 60, 120 என்று நான்கு அடர்த்தியில் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். ஒவ்வொரு அடர்த்தியிலும் இரண்டு வகைத் தொட்டிகள். ஒன்றில் ஒரே தாயின் முட்டைத் திரளில் பொரித்த உடன்பிறப்புகள் மட்டும். மற்றொன்றில் பல திரள்களிலிருந்து எடுத்துக் கலந்தவை.

அடர்த்தி கூடக் கூட உருமாற அதிக நாள் பிடித்தது, கரையேறியவற்றின் அளவு சிறுத்தது, எண்ணிக்கையும் குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் 60-லும் 120-லும், அதாவது நெருக்கம் மிகும் இடத்தில், உடன்பிறப்புகள் மட்டும் இருந்த தொட்டிகள் கலந்த தொட்டிகளைவிட நன்றாக இருந்தன. விரைவாக உருமாறின, அதிகம் பேர் உருமாறினார்கள். கலந்த தொட்டிகளில் பெரியவற்றுக்கும் சிறியவற்றுக்கும் இடையிலான அந்த ஏற்றத்தாழ்வு மேலும் விரிந்திருந்தது.

'அதிகம் பேர்' என்று சொல்லிவிட்டேன் பாருங்கள். தலைப்பிரட்டையை ஆள் கணக்கில் சேர்த்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

தண்ணீரின் அளவு ஒன்று, தலைகளின் எண்ணிக்கை ஒன்று. ஆனாலும் விளைவு வேறு. ஆகவே நெரிசல் என்பது லிட்டருக்கு எத்தனை என்ற வகுத்தல் கணக்கில் முடிந்துவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பது யார் என்பதும் அதில் சேர்கிறது. இதை மனிதர்களுக்குப் பொருத்திப் பேசச் சிலருக்கு ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். தலைப்பிரட்டைகள் தம் உடன்பிறப்புகளை நீரில் கரைந்த வாசனைகொண்டு இனம்காண்பது பல இனங்களில் உறுதியாகியிருக்கிறது. அதற்கான காரணம் பரிணாமத்தில் இருக்கிறது. உடன்பிறப்பு பிழைத்தால் தன் மரபணுவில் பாதி பிழைக்கிறது. நாம் போற்றும் பாசத்துக்கு அதில் சாட்சி தேடக் கூடாது.

அப்படித் தேடுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரையைக் காட்டுவேன். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிக்குச் சொந்தமான இந்தத் தேரையை, கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935-ல் ஹவாயிலிருந்து குவின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வண்டு ஒழியவில்லை. தேரை கண்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. எதிரிகள் குறைவாக இருப்பதால் அங்கே அதற்கு முதல் எதிரி அதன் இனமேதான். ஒரு குட்டையில் முதலில் பொரித்த தலைப்பிரட்டைகள், பின்னால் வந்து விழும் முட்டைகளைத் தேடிப்போய்த் தின்கின்றன. அந்த முட்டையில் உள்ள நஞ்சின் வாசனையே அவற்றுக்கு வழிகாட்டுகிறது. தின்னாமல் விட்டாலும் பாதிப்பு உண்டு. மூத்த தலைப்பிரட்டைகள் இருந்த தண்ணீரில் சில நாள் கிடந்த முட்டைகள், பொரித்த பிறகு தனியாக வளர்த்தாலும் குன்றுகின்றன, அதிகம் மடிகின்றன. கிராஸ்லாண்டும் ரிக் ஷைனும் 2012-ல் இதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார்கள். எந்த வாசனை தலைப்பிரட்டைகளை முட்டைக்கு இழுக்கிறதோ அதையே பொறியில் இரையாக வைத்து, தலைப்பிரட்டைகளைக் கூட்டமாகப் பிடிக்கும் வழியைக் கண்டார்கள். நெரிசலைப் பற்றிய படிப்பு நாட்டுக்கு உதவிய நேரடி உதாரணம் அது.

இதெல்லாம் தண்ணீருக்குள் நடப்பது. கரையேறிய பிறகு கணக்கு நேராகிவிடுமா? வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி நடுவே ஐல் ராயல் என்ற தீவு இருக்கிறது. அங்கே பாறைக்குழித் தண்ணீரில் வளரும் ஒரு சின்னத் தவளையை டேவிட் ஸ்மித் என்பவர் குட்டிப் பருவத்திலிருந்து தொடர்ந்து பார்த்து 1987-ல் எழுதினார். எந்த நாளில், எந்த அளவில் தண்ணீரை விட்டு வெளியேறியதோ அதன் சுவடு முதிர்ந்த தவளையிலும் இருந்தது. எல்லா இனத்திலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. சிலவற்றில் கரையில் நல்ல இரை கிடைத்தால் இழந்ததை ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆனாலும் ஒரு சிறிய தேரைக்குட்டியைக் கையில் வைத்துப் பாருங்கள். அரிசிப் பொரி அளவு உடம்பு. எறும்பும் வெயிலும் அதற்கு எதிரிகள். தோல் வழியே வற்றிப்போகும் நீரின் கணக்கில், கொஞ்சம் பெரிதாக இருப்பதுகூட அதற்கு ஓர் உயிர்.

மாணவியின் கேள்விக்கு மறுபடி வருகிறேன். அடுத்த மழைக்காலத்தில் அதே சோதனையை மறுபடி செய்தோம். இந்த முறை மூன்றாவதாக ஒரு தொட்டியும் வைத்தோம். அதிலும் அறுபதுதான், ஆனால் தினமும் அடியில் தங்கும் எச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு ஆறவைத்த மழைத்தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தொட்டி, சுத்தம் செய்யாத தொட்டியைவிடத் தெளிவாகவே முன்னேறியது. பத்து இருந்த தொட்டியை எட்டவில்லை. இது கல்லூரிச் சோதனை. வகைக்கு ஒரு தொட்டி என்று வைத்து ஒருமுறை பார்த்தது. வெளியிடும் தகுதி இதற்கு இல்லை, நாங்கள் அனுப்பவும் இல்லை. ஆனால் பாதிப்பில் ஒரு பங்கு கழிவிலும் ஒரு பங்கு வேறெங்கோவும் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தோம்.

இங்கே இருக்கும் ஆசிரியர்கள் பள்ளியில் இதைச் செய்து பார்க்கலாம். ஆழமான தொட்டியைவிட அகலமான தட்டைத் தொட்டி நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். கீரையை வேகவைத்துக் கொடுங்கள், மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிடுங்கள். முன்னங்கால் வந்ததும் ஏறி உட்கார ஒரு கல்லைச் சரிவாக வையுங்கள், இல்லையென்றால் மூழ்கிச் சாகும். ஒவ்வொரு வகைத் தொட்டிக்கும் அதே போல இன்னொன்று வைத்து, ஒவ்வொரு தலைப்பிரட்டையையும் எடை போடுங்கள். சராசரி மட்டும் எழுதினால் பாதி விஷயம் போய்விடும். முடிந்ததும் எந்தக் குட்டையிலிருந்து எடுத்தீர்களோ அங்கேயே விடுங்கள். வேறு குட்டையில் விட்டால் நோயையும் சேர்த்து விட்டுவிடக்கூடும்.

மூன்று தொட்டி வைத்த அந்த ஆண்டு, பத்து இருந்த தொட்டி காலியானபோது, சுத்தம் செய்யாத அறுபதில் இருபத்தொன்று மிஞ்சியிருந்தன. மாணவி அவற்றை மூன்று தொட்டிகளில் ஏழு ஏழாகப் பிரித்துப் புதுத் தண்ணீரில் விட்டாள். பத்து நாளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னங்கால் நீண்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் ஏறின. நான்கு மட்டும் அசையவில்லை. தின்றன, நீந்தின, ஆனால் பெருக்கவும் இல்லை, கால் விடவும் இல்லை. மார்கழி பிறந்து தேர்வும் முடிந்தது. சோதனைக்கூடத்தைப் பூட்டும் நாளில் அவள் அந்த நான்கையும் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு திடலோரம் போனாள். நானும் கூடப் போனேன். பள்ளம் வற்றி, நடுவில் ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் தண்ணீர் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "இன்னும் ஒரு மாசம் வீட்ல வச்சுப் பாக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். வைத்துப் பார் என்றேன்.